குறிப்புகளைக் கோத்தவர்

ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லாகவும் வரியாகவும் பக்கமாகவும் கோக்கும் தொழிலைப் பன்னிரண்டாம் அகவையில் கற்கத் தொடங்கியவர் பெஞ்சமின் பிராங்க்ளின். மின்னலை ஆராய்ந்த அறிவியலாளராகவும், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட அரசியல் அறிஞராகவும், பிரான்சில் தம் நாட்டின் தூதராகவும் உலகம் அவரைப் பின்னாளில் அறிந்தது. அவரோ தம் இறுதி விருப்ப ஆவணத்தில் தம்மைக் குறிப்பிடும் இடத்தில், வகித்த பதவிகளுக்கெல்லாம் முன்பாக அச்சுத்தொழிலாளர் என்றே எழுதினார்.

அந்த அச்சுக்கூடத்தில் அவர் கற்ற மற்றொன்றும் உண்டு. ஒரு சிறு கட்டுரையில் எக்கருத்தை முதலில் வைப்பது, எதனை அதன்பின் வைப்பது, எங்கே நிறுத்துவது என்பதை ஆசிரியர் துணையின்றித் தாமே வகுத்துக்கொண்ட முறையால் அவர் பயின்றார். அவருடைய பிற்கால வாழ்வின் பெரும்பகுதி அப்பயிற்சியின்மேல் நின்றது.

பள்ளியும் பட்டறையும்

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில், அந்நாளில் ஆங்கிலேயர் குடியேற்றமாக விளங்கிய பாஸ்டன் நகரில் 1706ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 17ஆம் நாள் பிராங்க்ளின் பிறந்தார். தந்தை ஜோசையா இங்கிலாந்திலிருந்து குடிபெயர்ந்தவர். விலங்குக் கொழுப்பை உருக்கி மெழுகுத்திரியும் சோப்பும் செய்து விற்றவர். இரு மனைவியர் வழியே அவருக்குப் பிறந்த 17 மக்களுள் பெஞ்சமின் 15ஆவது பிள்ளை, ஆண்மக்களுள் கடைக்குட்டி. இம்மகனை இறைப்பணிக்கு அளிக்க விரும்பிய தந்தை, எட்டு வயதில் அவரை இலத்தீன் கற்பிக்கும் பள்ளியில் சேர்த்தார். மாணவர் விரைவில் முதலிடத்துக்கு வந்தார். ஆயினும் பெரிய குடும்பத்தின் செலவைக் கருதிய தந்தை, ஓராண்டு நிறையும் முன்னரே அவரை அங்கிருந்து விலக்கி, எழுத்தும் கணக்கும் மட்டும் கற்பிக்கும் பள்ளிக்கு மாற்றினார். எழுத்தில் தேறிய சிறுவர் கணக்கில் தோற்றார். பத்து வயதில் பள்ளிவாழ்வு முடிந்தது.

அதன்பின் திரி நறுக்குவதும், அச்சுகளில் கொழுப்பை வார்ப்பதும், கடையைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலையாயின. அத்தொழில் அவருக்குப் பிடிக்கவில்லை. கடலோடியாகிவிடலாம் என்று எண்ணினார். மகன் வீட்டைவிட்டு ஓடிவிடுவாரோ என அஞ்சிய தந்தை, தச்சர், கொத்தர், கடைசல்காரர், பித்தளை வேலை செய்வோர் ஆகியோரின் பட்டறைகளுக்கு அவரை அழைத்துச்சென்று காட்டினார். எதிலும் மனம் ஒட்டவில்லை. புத்தகங்களின்மீது அவருக்கிருந்த வேட்கையைக் கண்டு, இறுதியில் மூத்த மகன் ஜேம்ஸின் அச்சகத்திலேயே தொழில் பழக விட்டார். இருபத்தொரு வயதுவரை அண்ணனிடம் பணிபுரிவதாக ஒப்பந்தம் எழுதப்பட்டது.

அச்சகம் அவருக்குப் புத்தகக் கதவைத் திறந்தது. புத்தகக் கடைகளில் வேலை பழகிய பையன்களிடம் மாலையில் நூலை இரவல் பெறுவார். காலையில் கடை திறக்குமுன் திருப்பித் தரவேண்டும் என்பதால் இரவெல்லாம் விழித்திருந்து படித்து முடிப்பார். பதினாறு வயதளவில் புலால் உண்பதை நிறுத்தினார். தம் உணவுக்காக அண்ணன் செலவிடும் தொகையில் பாதியைத் தம்மிடமே தந்தால் உணவைத் தாமே பார்த்துக்கொள்வதாகக் கூறி, அந்தப் பாதியிலும் பாதியை மிச்சப்படுத்திப் புத்தகம் வாங்கினார். பள்ளியில் தோற்ற கணக்கையும் ஒரு பாடநூலைக்கொண்டு தாமாகவே கற்றுத் தேறினார்.

தந்தையின் திருத்தம்

முதலில் அவரைக் கவர்ந்தது செய்யுள். கலங்கரை விளக்கக் காவலர் ஒருவர் குடும்பத்தாருடன் கடலில் மூழ்கி இறந்த நிகழ்ச்சியைப் பற்றி அவர் எழுதிய கதைப்பாடலை அண்ணன் அச்சிட்டுத் தெருவில் விற்கச் செய்தார். அது நன்கு விற்றது. தந்தையோ அப்பாடல்களை எள்ளி நகையாடி, பாட்டுக் கட்டுவோர் பெரும்பாலும் இரந்து உண்பவரே என்று கூறினார். பிராங்க்ளின் செய்யுளைக் கைவிட்டார். இழப்பு பெரிதன்று, அப்பாடல்கள் தரமற்றவை என்பதை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

தந்தையின் இரண்டாவது தலையீடு அதனினும் பயனுள்ளதாக அமைந்தது. ஜான் காலின்ஸ் என்னும் நண்பருக்கும் பிராங்க்ளினுக்கும் வாதிடுவதில் விருப்பம் மிகுதி. பெண்களுக்குக் கல்வி புகட்டுவது தகுமா, அதற்குரிய ஆற்றல் அவர்களுக்கு உண்டா என்பது குறித்து ஒருமுறை வாதம் எழுந்தது. தகாது என்றார் காலின்ஸ். பிராங்க்ளின் எதிர்ப்பக்கத்தை எடுத்துக்கொண்டார். காலின்ஸ் சொல்வன்மை மிக்கவர். அவருடைய காரணங்களைவிடச் சொற்களின் வேகமே தம்மை மடக்குவதாகப் பிராங்க்ளினுக்குத் தோன்றியது. முடிவு காணாமல் பிரிந்த இருவரும் வாதத்தை மடல்வழியே தொடர்ந்தனர். மூன்று நான்கு மடல்கள் போய் வந்தபின் அத்தாள்கள் தந்தையின் பார்வையில் பட்டன.

வாதத்தில் எவர் பக்கம் நியாயம் என்பதைப் பற்றித் தந்தை பேசவில்லை. எழுதிய முறையைப் பற்றியே பேசினார். எழுத்துப் பிழையின்மையிலும் நிறுத்தற்குறிகளை இடுவதிலும் மகன் சிறந்திருந்தார். அது அச்சகம் தந்த கொடை. ஆனால் சொல்லின் நயம், கருத்துகளை அடுக்கும் ஒழுங்கு, தெளிவு ஆகிய மூன்றிலும் காலின்ஸைவிட மிகவும் பின்தங்கியிருந்தார். தந்தை மடலிலிருந்தே பல இடங்களை எடுத்துக்காட்டி இதனை விளக்கினார். பொதுவாகக் குறைகூறாமல், குறை இருக்கும் வரியைச் சுட்டிக்காட்டிய அத்திருத்தத்தை மகன் ஏற்றுக்கொண்டார். இரண்டு ஆண்டுகள்கூடப் பள்ளியில் முழுமையாகப் பயிலாத அவருக்கு, இனி எழுத்தைக் கற்றுத்தர எவரும் வரப்போவதில்லை என்பதும் தெரிந்தே இருந்தது.

கலைத்துப் போட்ட குறிப்புகள்

அந்நாளில் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழின் மூன்றாம் தொகுதி மட்டும் தனியே அவர் கைக்குக் கிடைத்தது. ஜோசப் அடிசன், ரிச்சர்ட் ஸ்டீல் என்னும் இருவர் 1711, 1712ஆம் ஆண்டுகளில் இலண்டனில் நடத்திய நாளிதழ் அது. ஒவ்வோர் இதழிலும் ஒரு சிறு கட்டுரை. மனிதர்களின் பழக்கவழக்கம், ஒழுக்கம், நகைப்புக்குரிய போலித்தனம் ஆகியவற்றைப் பற்றியது. பிராங்க்ளின் அதனைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு, படிப்பதோடு நில்லாமல், ஒரு பயிற்சியைத் தொடங்கினார்.

ஒரு கட்டுரையைத் தேர்ந்து, அதன் ஒவ்வொரு தொடரிலும் உள்ள கருத்தை மட்டும் ஓரிரு சொற்களில் குறித்துக்கொள்வார். சில நாள்கள் அத்தாளைத் தொடாமல் வைத்திருப்பார். மூலக் கட்டுரையின் சொற்கள் மறந்தபின், குறிப்புகளைமட்டும் பார்த்துக் கட்டுரை முழுவதையும் தம் சொற்களில் மீண்டும் எழுதுவார். பின்னர் நூலைத் திறந்து ஒப்பிட்டுத் தம் பிழைகளைத் திருத்துவார். ஒப்பிட்டபோது வெளிப்பட்ட முதற்குறை சொல்வறுமை. தக்க சொல் தக்க நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. செய்யுள் எழுதும் பழக்கத்தை விடாதிருந்தால், ஒரே பொருளுக்கு அளவிலும் ஓசையிலும் வேறுபட்ட பல சொற்களைத் தேடித்தேடிச் சேர்த்திருக்கலாமே என்று எண்ணினார். ஆகவே சில கட்டுரைகளைச் செய்யுளாக மாற்றினார். உரைநடை மறந்த பிறகு அச்செய்யுளை மீண்டும் உரைநடையாக்கினார்.

சொல்வளம் வாசிப்பால் வளரக்கூடியது. கருத்துகளை அடுக்கும் ஒழுங்கு அவ்வளவு எளிதில் வருவதில்லை. அதற்கென அவர் கண்டறிந்த வழிதான் இப்பயிற்சி முழுவதிலும் கூர்மையானது. தாம் எடுத்த குறிப்புகளை வேண்டுமென்றே முன்பின்னாகக் கலைத்துப் போட்டுவிடுவார். சில வாரங்கள் கழித்து, மூலத்தின் வரிசை நினைவிலிருந்து அகன்றபின், அக்குறிப்புகளை மிகச்சிறந்த வரிசையில் அடுக்க முயல்வார். வரிசை அமைந்த பிறகே முழுத் தொடர்களை எழுதத் தொடங்குவார். தேர்வுத்தாளில் முன்னுரை முதல் முடிவுரைவரை வரிசைப்படுத்திய குறிப்புகளைப் பெற்று எழுதும் மாணவருக்கு அந்த ஒழுங்கு முன்பே அளிக்கப்பட்டுவிடுகிறது. பிராங்க்ளின் அவ்வுதவியைத் தாமாகவே கலைத்துக்கொண்டு பயின்றார்.

இப்பயிற்சி எவ்வாறு பயன்படும் என்பதை, அவருக்கும் காலின்ஸுக்கும் நிகழ்ந்த வாதத்தின் பொருளைக்கொண்டே காணலாம். பெண்கல்வியைப் பற்றி ஒருவர் ஐந்து குறிப்புகளை எடுக்கிறார் எனக் கொள்வோம். பெண்களுக்குக் கல்வி மறுக்கப்படுகிறது என்பது ஒன்று. பெண்களுக்கு இயல்பிலேயே ஆற்றல் குறைவு என எதிர்ப்பவர் கூறுவது மற்றொன்று. கற்பிக்காமலே ஒருவருடைய ஆற்றலை அளக்க முடியாது என்பது மூன்றாவது. கணவனை இழந்த பெண் கடைக்கணக்கு அறியாமையால் ஏமாற்றப்படுகிறாள் என்பது நான்காவது. கணக்குக் கற்ற பெண் அதே கடையைத் திறம்பட நடத்துகிறாள் என்பது ஐந்தாவது. இவற்றைக் கலைத்து அடுக்கும்போது சில செய்திகள் தாமே புலப்படும். எதிர்ப்பவர் கூற்றைக் கட்டுரையின் இறுதியில் வைத்தால், படிப்பவர் மனத்தில் அக்கூற்றே தங்கிவிடும். கூற்றையும் மறுப்பையும் பிரித்து வைத்தால் மறுப்பு எதற்கு விடை என்பதே விளங்காது. அவ்விரண்டும் அடுத்தடுத்தே நிற்க வேண்டியவை. ஏமாற்றப்பட்ட பெண்ணைக் கொண்டு கட்டுரையைத் தொடங்கினால், கல்வி மறுக்கப்படுகிறது என்னும் பொதுச்செய்தி அதன்பின் வரும்போது கண்முன் ஒரு முகம் இருக்கும். பொதுச்செய்தியை முதலில் வைத்தாலும் தவறில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கும் கடை நடத்தும் பெண்ணுக்கும் இடையே வேறு எதுவும் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து குறிப்புகளையும் ஐந்து சிறு தாள்களில் எழுதி மேசைமேல் இடம் மாற்றிப் பார்ப்பவருக்கு, முழுக் கட்டுரையை எழுதுவதற்குமுன்னரே அதன் எலும்புக்கூடு தெரிந்துவிடும்.

அச்சுக்கோக்கும் கைக்கு இது பழகிய வேலையே. ஈய எழுத்துகள் தலைகீழ் வடிவில் இருக்கும். இடம் மாறியதை எடுத்து வேறிடத்தில் பொருத்துவார்கள். அச்சிட்டு முடிந்ததும் எல்லாவற்றையும் கலைத்து அவ்வவற்றின் அறைகளில் மீண்டும் போடுவார்கள். கோத்த எதுவும் கலைக்கத் தகாதது என்னும் எண்ணம் அத்தொழிலில் வளராது.

இரவில் வேலை முடிந்த பின்னும், காலையில் வேலை தொடங்குமுன்னும், ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்குச் செல்லாமல் அச்சகத்தில் தனித்திருந்தும் அவர் இதனைப் பயின்றார். சில வேளைகளில், சிறு சிறு இடங்களில் தம் வரிசையோ சொல்லோ மூலத்தைவிடச் சற்றே மேலாக அமைந்துவிட்டதாக அவருக்குத் தோன்றும். அந்த மகிழ்ச்சி, ஓரளவு நன்றாக எழுதக்கூடியவராகத் தாம் ஆகலாம் என்னும் நம்பிக்கையை அவருக்கு அளித்தது.

கதவடியில் நுழைந்த மடல்கள்

1721இல் ஜேம்ஸ் ஒரு செய்தித்தாளைத் தொடங்கினார். அவருடைய நண்பர்கள் அதற்கு எழுதினர். தம்பியின் எழுத்து என்று தெரிந்தால் அண்ணன் வெளியிடமாட்டார் எனக் கருதிய பிராங்க்ளின், தம் கையெழுத்தை மாற்றி எழுதி, இரவில் அச்சகக் கதவின் அடியில் நுழைத்துவிட்டார். மறுநாள் நண்பர்கள் அதனைப் படித்துப் பாராட்டி, எழுதியவர் எவராயிருக்கும் என்று நகரின் அறிஞர் பெயர்களையெல்லாம் கூறினர். அருகே எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த பதினாறு வயது இளைஞர் எதுவும் சொல்லவில்லை.

கணவனை இழந்த சைலன்ஸ் டூகுட் என்னும் நடுத்தர வயதுப் பெண்மணியின் பெயரில் 1722ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அத்தகைய 14 மடல்கள் வெளியாயின. பெண்கல்வியும் அவற்றுள் ஒரு பொருளாயிற்று. காலின்ஸிடம் முடிவுபெறாத வாதம், இம்முறை ஊரார் முன்னிலையில் எழுந்தது. உண்மை வெளிப்பட்டபோது அண்ணன் மகிழவில்லை. பூசல்கள் பெருகின. 1723இல் பதினேழு வயதில் பிராங்க்ளின் பாஸ்டனை விட்டு வெளியேறி, நியூயார்க்கில் வேலை கிடைக்காமல், பிலடெல்பியாவுக்குச் சென்றார்.

அங்கு அவர் அடைந்த வளர்ச்சி பலரும் அறிந்ததே. அச்சகம் அமைத்தார், 1729இல் ‘பென்சில்வேனியா கெஜட்’ என்னும் செய்தித்தாளைத் தம்வயமாக்கினார், 1732இல் தொடங்கிய பஞ்சாங்கத்தால் பெரும்புகழ் பெற்றார். இங்கே கருதத்தக்கது 1727இல் அவர் நிறுவிய ‘ஜூண்டோ’ என்னும் சிறு கழகம். கைவினைஞரும் எழுத்தரும் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடினர். உறுப்பினர் ஒவ்வொருவரும் மூன்று திங்களுக்கு ஒருமுறை, தாம் விரும்பிய பொருளில் சொந்தமாகக் கட்டுரை எழுதிப் படிக்க வேண்டும். அடித்துப் பேசுவதும் நேரடியாக மறுப்பதும் அங்கே தடுக்கப்பட்டன. மீறினால் சிறு தண்டத்தொகை உண்டு. நல்ல எழுத்து எது என்பதைப் பற்றித் தம் செய்தித்தாளிலும் அவர் எழுதினார். தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கி, குழப்பமின்றி, படிப்படியாகச் செல்வதே முறை என்பது அவர் கருத்து. 1749இல் இளைஞர் கல்விக்கென அவர் வெளியிட்ட திட்டத்தில், மாணவர் ஒருவருக்கொருவர் மடல் எழுதவும், படித்ததைச் சுருக்கி எழுதவும், அதனையே தம் சொற்களில் மீண்டும் எழுதவும் பழக வேண்டும் என்று கூறினார். தாம் தனித்துப் பயின்றதை அவர் பாடத்திட்டமாக்கினார். அத்திட்டத்தின் வழியே எழுந்த கல்விக்கூடம் இன்று பென்சில்வேனியா பல்கலைக்கழகமாக விளங்குகிறது.

தொப்பிக்கடைப் பலகை

1776இல் விடுதலைப் பிரகடனத்தின் வரைவைத் தாமஸ் ஜெபர்சன் எழுதினார். பேரவை அதனை வரிவரியாக ஆராய்ந்து வெட்டியபோது, அவர் உள்ளம் நொந்தார். அருகில் அமர்ந்திருந்த பிராங்க்ளின் அவருக்கு ஒரு கதை கூறினார். புதிதாகத் தொப்பிக்கடை திறக்க இருந்த ஒருவர், தம் பெயர், தாம் தொப்பி செய்பவர், தொப்பி செய்து ரொக்கத்துக்கு விற்பவர் என்னும் செய்திகளோடு ஒரு தொப்பியின் படத்தையும் பலகையில் வரைய எண்ணி நண்பர்களைக் கேட்டார். தொப்பி செய்து விற்பதாகச் சொன்னபின் தொப்பி செய்பவர் என்பது எதற்கு என்றார் ஒருவர். யார் செய்தால் என்ன, தொப்பி நன்றாக இருந்தால் போதாதா என்றார் மற்றொருவர். அவ்வூரில் கடன் வழக்கமில்லையாதலால் ரொக்கம் என்பதும் போயிற்று. இலவசமாகத் தருவார் என எவரும் எண்ணமாட்டார் என்பதால் விற்பதும் போயிற்று. படமே இருப்பதால் தொப்பி என்னும் சொல்லும் போயிற்று. முடிவில் பலகையில் நின்றவை பெயரும் படமும்.

கதை ஜெபர்சனை ஆற்றியிருக்கலாம். ஆயினும் எல்லா வெட்டும் ஒன்றல்ல. பலகையில் நீங்கியவை மிகைச்சொற்கள். பேரவை நீக்கியவற்றுள் அடிமை வணிகத்தைக் கண்டித்த பத்தியும் ஒன்று. அது மிகைச்சொல்லன்று, அதனை இழந்ததால் ஆவணத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. பிராங்க்ளினுக்கும் அப்பள்ளத்தில் பங்குண்டு. அவர் வீட்டில் அடிமைகள் இருந்தனர். அவருடைய செய்தித்தாளில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வெளியாயின.

முதுமையில் அவர் மறுபக்கம் வந்து நின்றார். 1787இல் பென்சில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அமெரிக்கப் பேரவைக்குச் சங்கத்தின் சார்பில் விண்ணப்பம் அனுப்பினார். ஜார்ஜியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜாக்சன் என்னும் உறுப்பினர் அடிமைமுறையை ஆதரித்து உரையாற்றினார். அவ்வுரையைச் செய்தித்தாளில் படித்த பிராங்க்ளின், 84 வயதில், நோய்ப்படுக்கையிலிருந்து ஒரு சிறு கட்டுரை எழுதினார். சிறுவயதில் அடிசனின் கருத்துகளை எடுத்துத் தம் சொற்களில் எழுதியவர், இப்போது ஜாக்சனின் வாதங்களை எடுத்து வேறொருவர் வாயில் வைத்தார். அல்ஜியர்ஸ் நாட்டு அவையில் நூறாண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததாகக் கற்பிக்கப்பட்ட அவ்வுரையில், கிறித்தவ அடிமைகளை விடுவிக்கக் கூடாது என்று ஒரு முஸ்லிம் உறுப்பினர் வாதிடுகிறார். இவ்வெப்ப நாட்டில் நிலத்தை உழ எவர் உளர்? உடைமையாளருக்கு இழப்பீடு தருபவர் எவர்? விடுதலை பெற்றவர்கள் எங்கே போவார்கள்? அடிமைகளாக இருப்பதே அவர்களுக்கு நன்மையன்றோ? வாதங்கள் மாறவில்லை, அடிமைப்பட்டவர்கள் மட்டும் மாறினர்.  கட்டுரை மார்ச் 23ஆம் நாளிட்டது. ஏப்ரல் 17ஆம் நாள் அவர் மறைந்தார்.

நிறைவுறாத வரலாறு

அவருடைய மிகப்பெரிய உரைநடைநூல் அவர் தம் வரலாறே. 1771இல், 65 வயதில், இங்கிலாந்தின் டுவைபோர்டு என்னும் சிற்றூரில் நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தபோது அதனைத் தொடங்கினார். எழுத வேண்டியவற்றையெல்லாம் சிறு சிறு தொடர்களாக அடுக்கி ஒரு குறிப்புத்தாளும் ஆயத்தம் செய்தார். பிற பணிகளால் எழுத்து நின்றது. விடுதலைப் போரின் குழப்பத்தில் தாள்கள் அவரிடமிருந்து பிரிந்தன. ஏபல் ஜேம்ஸ் என்னும் பிலடெல்பியா வணிகர் கையில் அவை தற்செயலாகக் கிடைத்தன. 1782இல், பிரான்சிலிருந்த பிராங்க்ளினுக்கு அக்குறிப்புகளின் படியை அனுப்பி, வரலாற்றை எழுதி முடிக்குமாறு அவர் வேண்டினார்.

பிராங்க்ளின் 1784இல் மீண்டும் எழுதத் தொடங்கினார். 1788இல் பிலடெல்பியாவில் தொடர்ந்தார். சிறுநீர்க்கல் நோயின் வலி கடுமையாயிற்று. வரலாறு 1757ஆம் ஆண்டில் அவர் இலண்டன் சேர்ந்ததையொட்டிய நிகழ்ச்சிகளோடு நின்றுவிட்டது. முத்திரைத்தாள் சட்டத்தை எதிர்த்தது, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விடையளித்தது, பிரான்சுக்குச் சென்றது, உடன்படிக்கை செய்தது ஆகிய யாவும் அக்குறிப்புத்தாளில் வரிசை தவறாமல் இடம்பெற்றுள்ளன. அவை தொடர்களாக விரியவில்லை. ஓரிரு சொற்களாகவே அத்தாளில் இருக்கின்றன.